மூத்தாள் தவறவிட்ட ஐந்து நிமிடம்

எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் ஒரு கயிறுதான் இருந்தது. உள்ளே போகிறவர் கயிற்றை ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வெளியே காலடிச் சத்தம் கேட்டால் ஏதாவது பாட வேண்டும். என் வீட்டுக்காரருக்குப் பாட வராது. அவர் இருமுவார். ஒரு தடவை அவருக்கு நிஜமாகவே சளி பிடித்து அறைக்குள் படுத்து இருமிக்கொண்டிருந்தபோது, வந்திருந்த என் கொழுந்தனார், அண்ணன் குளித்து வரட்டும் என்று தோளில் துண்டோடு அரைமணி நேரம் காத்திருந்தார்.

இத்தனைக்கும் கைவேலை தெரியாத மனிதர் இல்லை. குடிநீர்த் துறையில் முப்பது வருடமாக எலெக்ட்ரீஷியன். ஊரில் உள்ள பதினோரு பம்பு நிலையங்களில் எந்த மோட்டார் எப்படி முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் எதிலும் அவசரம் கிடையாது. துறையில் அவருக்குப் பெயரே 'நிதானம்' என்றுதான்.

"தாழ்ப்பாளை மாட்டிடுங்களேன்" என்று நான் சொன்னால், "மாட்டிடலாம். ஆனா நான் மாட்டினதை நானே சரின்னு சொல்லக் கூடாது. இன்னொருத்தர் பார்த்துச் சொல்லணும்" என்பார்.

"நான் பார்க்கிறேனே."

"உனக்குத் தாழ்ப்பாளைப் பத்தி என்ன தெரியும்?"

"உடைஞ்சிருக்குன்னு தெரியும்."

அதை அவரும் ஒத்துக்கொள்வார். ஆனால் தாழ்ப்பாள் மட்டும் வராது.

இந்த 'இன்னொருத்தர் பார்க்கணும்' என்கிற விதி எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு இரும்புப் பெட்டியின் வழியாக. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் பதினோரு பம்பு நிலையத்துக்கும் தலா ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கி வைத்தார்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பது, எப்போது மூடுவது என்பதை அந்தப் பெட்டிதான் பார்த்துக்கொள்ளும். விற்ற கம்பெனி இரண்டே வருடத்தில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. பெட்டிகள் ஒவ்வொன்றாக முழிக்க ஆரம்பித்தன. கேட்க நாதியில்லை. அப்போதுதான் இவர், யாரும் காசு வாங்காமல் உலகம் முழுக்க இருக்கும் ஆட்கள் சேர்ந்து எழுதுகிற ஒரு இயங்குதளம் இருக்கிறது, அதை இந்தப் பெட்டியிலும் போடலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். ஒளிவுமறைவு கிடையாது. பாதி இங்கிலீஷ், மீதி பொறுமை என்று மெயில் எழுதிச் சந்தேகம் கேட்டார். முகம் தெரியாதவர்கள் பதில் எழுதினார்கள். சந்தேகம் கேட்டவர் நாளடைவில் சந்தேகம் தீர்க்கிறவர் ஆனார்.

பத்து பேர் கூடி எழுதினால் ஓட்டை இல்லாமல் இருக்குமா? அவ்வப்போது யாராவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். உடனே அதை அடைக்க ஒரு ஒட்டு வரும். அதற்குப் பேட்ச் என்று பெயர். அதில் இரண்டு ரகம் உண்டு என்று அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். ஒன்று, திருடன் உள்ளே வராமல் இருப்பதற்கு. இன்னொன்று, திருடனே வராவிட்டாலும் வீடு தானாக இடிந்து விழாமல் இருப்பதற்கு. எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் நம் தெருத் தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது. யாரும் நிறுத்தாமலே பெட்டி தானாக மயங்கி விழவும் கூடாது. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அதில் ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. ஆண்டவனிடம் நான் தினமும் கேட்பதும் இந்த இரண்டும்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவர் உண்டு. தொலைதூரத்தில் குளிர்நாட்டில் இருக்கிறார். இவர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கறார்'. கறார் எழுதும் மெயில் ஒரு வரிக்கு மேல் போகாது. "பார்த்தேன். தப்பு. திரும்பச் செய்." இப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை, ஏழாவது வருடமோ எட்டாவது வருடமோ, "பரவாயில்லை" என்று எழுதினார். அன்றைக்கு இவர் அரைக்கிலோ இனிப்பு வாங்கி வந்தார். எங்கள் கல்யாண நாளுக்குக் கால்கிலோதான்.

பேட்ச் வந்தால் இவர் அதைக் காகிதத்தில் அச்சடித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொள்வார். கழித்தல் குறி போட்ட வரி போக வேண்டிய வரி. கூட்டல் குறி போட்ட வரி வர வேண்டிய வரி. சிவப்புப் பேனாவோடு ஒவ்வொரு வரியாக முணுமுணுத்துப் படிப்பார். இருபது வருடம் அதையே படித்து, எதை எழுதினாலும் அப்படியே எழுத வந்துவிட்டது. ஒரு முறை என் நாத்தனாரிடம் ஏதோ வாய்தவறிப் பேசிவிட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். கழித்தல் குறி போட்டு, 'நீ எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறாய்.' அதற்குக் கீழே கூட்டல் குறி போட்டு, 'நீ சில சமயம் கோபப்படுகிறாய்.' நாத்தனார் எட்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பேட்சைப் படித்தால் மட்டும் போதாது. போட்டும் பார்க்க வேண்டும். ஓடுகிற பம்பு நிலையத்தில் சோதனை செய்ய முடியுமா? அதனால் துறையில் கழித்துப்போட்ட ஒரு பெட்டியை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் இடமில்லை. சமையலறை மூலையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைக்கட்டுமா என்று கேட்டார். நான் கண்டிப்பாக முடியாது என்றேன். மூன்று நாள் யோசித்துவிட்டு அவர் ஒரு ஏற்பாட்டோடு வந்தார்.

"தினமும் காலையில அஞ்சு மணிக்கு நீ பிரார்த்தனைக்கு உட்காருறேல்ல? சரியா அஞ்சுக்கு இது உனக்கு மணி அடிக்கும். ஒரு நொடி முன்ன பின்ன ஆகாது."

என்னை நன்றாகத் தெரிந்தவர். நான் மசிந்துவிட்டேன்.

என் கொழுந்தனார் கம்ப்யூட்டர் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவர்தான் அந்தப் பெட்டிக்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்தார். அண்ணனுக்கு அதுதான் முதல் சம்சாரமாம், நான் இளையாளாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன அண்ணி, மூத்தாள் சௌக்கியமா? சக்களத்தியை நல்லா கவனிச்சுக்கிறீங்களா?" என்றுதான் உள்ளே வருவார்.

"அவங்களுக்கென்ன தம்பி, சமைக்க வேண்டாம், துவைக்க வேண்டாம்" என்பேன். ஆனால் வாரம் ஒரு முறை ஈரமில்லாத துணியால் மூத்தாளுக்கு முதுகு துடைத்துவிடுவது நான்தான்.

இனி என் பிரார்த்தனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமைக்காக இல்லை, அது இல்லாமல் நடந்தது புரியாது. ஐந்து மணிக்கு மணி அடித்ததும் சமையலறையிலேயே பாயை விரித்து உட்காருவேன். முதலில் நன்றி. பிறகு உலகத்தில் நோயாய்க் கிடக்கிறவர்கள், வழிப்பயணம் போகிறவர்கள். பிறகு நாத்தனார். பிறகு கொழுந்தனார் குடும்பம், அது இரண்டு நிமிடம். பிறகு என் மகளும் மருமகனும், அவர்களுக்கும் இரண்டு நிமிடம். கடைசியில் என் வீட்டுக்காரர். அவருக்கு மூன்று நிமிடம்; கேட்க வேண்டியது அவ்வளவு இருக்கிறது. நடுவில் மருமகன் வந்து சேர்ந்ததைத் தவிர, இருபது வருடமாக இந்த வரிசை மாறியதே இல்லை. அவருக்காகக் கேட்டு முடித்துக் கண்ணைத் திறந்தால், குழாய் 'குளுக்' என்று ஒரு தரம் விக்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஐந்து இருபதுக்கு. பம்பு நிலையத்துப் பெட்டி திறந்துவிடுகிறது என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு நாளும், கேட்டது போய்ச் சேர்ந்துவிட்டது என்று மேலிருந்து தகவல் வருவது போலத்தான் எனக்கு இருக்கும்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை கறாரிடமிருந்து மெயில் வந்தது. வழக்கத்துக்கு விரோதமாக ஆறு வரி. இவர் மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அதை எனக்கு வாசித்துக் காட்டினார். இந்தப் பழைய ரகப் பெட்டியை இப்போது உலகத்தில் சோதித்துப் பார்க்கிறவர் இவர் ஒருத்தர்தான். இவர் ஒருத்தருக்காக மற்ற எல்லாரும் மெனக்கெட வேண்டியிருக்கிறது. ஆகவே இப்போது வரும் பதினேழாவது பேட்சோடு இந்த ரகத்தை நிறுத்திவிடலாம் என்று யோசிக்கிறார்கள். வியாழக்கிழமை மாலைக்குள் இவர் சோதித்து முடிவு சொன்ன பிறகு தீர்மானம்.

"நிறுத்தினா என்ன ஆகும்?" என்றேன்.

"ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் இல்லை. ஓட்டைப் பெட்டியை வெச்சுத் தண்ணி விடக் கூடாதுன்னு மேலதிகாரி ஏற்கெனவே சொல்லிட்டார். பேட்ச் நிக்கிற அன்னைக்குப் பதினொரு பெட்டியையும் அணைச்சிடணும். புதுசு வாங்க ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கையால வால்வு திருப்பணும்."

"யாரு திருப்புறது?"

அவர் தம் முழங்காலைத் தடவிக்கொண்டார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஒவ்வொரு வால்வுக்கும் பதினெட்டுப் படி இறங்க வேண்டும்.

அன்று மதியமே பேட்சைப் பெட்டியில் போட்டார். இதற்கென்று அவருக்கு ஒரு முறை இருக்கிறது. போட்டதும் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிடுவார். மூன்று நாள் பெட்டி தனியாக, யார் உதவியும் இல்லாமல் ஓட வேண்டும். வெளியிலிருந்து யாராவது கைகொடுத்தால் கோளாறு மறைந்துபோகும் என்பார். கரண்ட் பிளக்கின் மேல் 'தொடாதே' என்று காகிதம் ஒட்டினார். அன்று மாலை கொழுந்தனார் வந்து போனை சார்ஜ் போட அந்தப் பிளக்குக்குக் கை நீட்டினார். நான் குறுக்கே கை வைத்து மறித்தேன்.

"அண்ணி, மூத்தாளுக்கு இவ்வளவு பரிஞ்சு வர்ற இளையாளை நான் பார்த்ததே இல்லை."

"போனை அந்தப் பக்கம் போடுங்க தம்பி."

"இதை எங்கிட்ட கொடுத்துட்டா எடைக்குப் போட்டுட்டு, துறைக்குப் பளபளன்னு பதினொண்ணு நானே சப்ளை பண்ணுவேன். அண்ணன்தான் ஒத்துக்க மாட்டேங்கிறார்" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மணி அடித்தது. உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நடுவில், குழாய் குளுக்கென்றது. சரி, இன்றைக்கு நாம் கொஞ்சம் இழுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் விஷயத்தில் அன்று கேட்க வேண்டியது கொஞ்சம் கூடுதலாகத்தானே இருந்தது.

புதன்கிழமை அவரிடம் போய்ச் சேரவே இல்லை. மகளிடமும் மருமகனிடமும் இருக்கும்போதே தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணை மூடியபடியே மீதி வரிசையை முடித்தேன். குடம் நிரம்பி வழிந்தது.

அவர் எழுந்து வந்ததும் சொன்னேன். "என்னங்க, மணி லேட்டா அடிக்குது."

"இருக்காது" என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "இதோ பாரு. அஞ்சு மணி பூஜ்யம் நொடிக்கு அடிச்சேன்னு எழுதியிருக்கு."

"அதே சொன்னா எப்படிங்க? தப்புப் பண்ணினவங்களையே சாட்சி கேட்டா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். கையில் சிவப்புப் பேனா. "வரிசையில புதுசா யாரையாவது சேர்த்தியா?"

"இல்லை."

"யாருக்காவது கூடுதலா அழுதியா?"

"நேத்து உங்களுக்குக் கொஞ்சம். இன்னைக்கு உங்ககிட்ட வர்றதுக்குள்ளேயே தண்ணி வந்துடுச்சு."

"நடுவுல தூங்கிட்டியா?"

நான் அவரை முறைத்தேன். அவர் அந்தக் கேள்வியைத் தாமே அடித்துவிட்டார். பிறகு, "வயசாச்சும்மா, மெதுவா வேண்டுற" என்று முடிவு சொல்லிவிட்டு எழுந்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது பெட்டியைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் முந்தியிருந்தது. "இந்தக் கடிகாரம் வேகமா ஓடுது" என்று முக்காலி போட்டு ஏறி, முள்ளைப் பின்னால் தள்ளிவைத்தார். எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரமும் மூத்தாளைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

அன்று அவர் துறை வேனைத் தவறவிட்டார். பஸ் பிடித்துப் போய், டிரைவர் இரண்டு நிமிடம் முன்கூட்டியே வந்துவிட்டான் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். முப்பது வருடத்தில் அவர் எழுதிய முதல் புகார்.

மாலையில் மேசையில் உட்கார்ந்து கறாருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை முன்கூட்டியே எழுதி வைத்தார். "மூன்று நாள் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. சரி." எழுதியதை நாலு தடவை படித்தார். குறையே இல்லை என்று சொன்னால் பழைய பெட்டி இன்னும் திடமாகத்தான் இருக்கிறது என்று மனசு மாறுவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

வியாழக்கிழமை விடியலில் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து அரிசி டின் மேல் உட்கார்ந்தார்.

"நீ பாட்டுக்கு வேண்டு. எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு நான் பார்க்கிறேன்."

அவர் என்னை அளக்க வந்திருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. பாயில் உட்கார்ந்து மணிக்காகக் காத்திருந்தேன். அவர் போனைப் பார்த்தார். போனில் ஐந்து ஆகிவிட்டது. மணி அடிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். ஐந்து ஒன்று. ஐந்து இரண்டு. மூத்தாள் மட்டும் ஒன்றும் தெரியாதது போல 'ர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து ஐந்தைத் தாண்டி இருபத்தைந்து நொடி ஆனதும், 'டிங், டிங், டிங்' என்று சந்தோஷமாக அடித்தது.

அவர் முகம் கொடுக்கல்வாங்கலில் ஏமாந்தவன் முகம் போல ஆகிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழாய் வந்தபோது கொழுந்தனார் குடும்பத்தில் இருந்தேன்.

முடித்துவிட்டு எழுந்து டீ போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை.

"பம்பு நிலையத்துல இன்னும் பதினேழு போடலை. அங்கே நேரம் சரியா இருக்கு. இங்கே போட்டோம், நழுவுது. பேட்ச்சுலதான் கோளாறு."

"அப்போ எழுதிடுங்க."

"எழுதினா என்ன சொல்வாங்க தெரியுமா? மத்த எல்லா ரகத்துலயும் நல்லா ஓடுது, உன் பெட்டிக்குத்தான் வயசாயிடுச்சு, தூக்கிப் போடுன்னு சொல்வாங்க. நானே சாக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"எழுதலைன்னா?"

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருக்கும் தெரியாது. இணைப்பைக் கொடுத்துட்டா வெளியில கேட்டு நேரத்தைச் சரி பண்ணிக்கும். பம்பு நிலையத்துல ஒரு பிரச்சினையும் வராது. பதினெட்டுப் படியும் இறங்க வேண்டாம்."

எனக்கு அவருடைய முழங்கால் கண்முன் வந்தது. ஆண்டவனே, இந்த மனிதருக்கு எதைச் சொல்ல என்று ஒரு நிமிடம் தவித்தேன்.

"உங்களுக்காக நான் தினமும் கடைசியா என்ன கேக்குறேன் தெரியுமா?" என்றேன். "நல்ல தூக்கம். பொய் சொல்லிட்டுத் தூங்க உங்களுக்கு வராதுங்க. பாட்டு வராத மாதிரிதான் அதுவும்."

அவர் டீயைக் குடித்தார். பிறகு போய் உட்கார்ந்து எழுதினார். கழித்தல் குறி போட்டு, 'சரி.' கூட்டல் குறி போட்டு, 'சரியில்லை. நேரம் நழுவுகிறது.' எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி. அதனால் என் வரிசையை முழுக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாள் தண்ணீர் வந்தது கணவரிடம், இரண்டாம் நாள் மகளிடம், மூன்றாம் நாள் கொழுந்தனாரிடம் என்று வரிசையாக எழுதி அனுப்பினார். அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வால்வு திருகும் பெரிய சாவியைத் தேடி எடுத்துத் துரு போக எண்ணெய் போட்டார். நானும் அவருடைய முழங்காலுக்குப் போட ஒரு பட்டை வாங்கி வந்து, அவர் கண்ணில் படாமல் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கறாரிடமிருந்து பதில் வந்திருந்தது. ஒரே வரி.

"ஒரு கொழுந்தனார் என்பது எத்தனை நிமிடம்?"

இவர் எழுந்து நின்றுகொண்டு பதில் எழுதினார். "இரண்டு."

அதோடு நிற்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் அவரவர் இயந்திரத்தின் கம்பியைப் பிடுங்கிவிட்டு அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாலைக்குள் மெயிலாக வந்து குவிந்தது. இவர் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தார். ஒருவர் எழுதியிருந்தார்: "என்னுடையதும் நழுவுகிறது. இந்த வேகத்தில் எட்டு மாதத்துக்கு ஒரு கொழுந்தனார்." இன்னொருவர்: "என்னுடையது ஆண்டுக்கு அரைக் கொழுந்தனார்தான். ஆனால் நிச்சயமாக நழுவுகிறது." மூன்றாவது ஆள் கோளாறையே பிடித்துவிட்டார். வேலை அதிகமாகும்போதெல்லாம் இயந்திரம் ஒரு நொடியின் துணுக்கை எண்ணாமல் விட்டுவிடுகிறதாம். புது இயந்திரங்கள் வேகமானவை. அவற்றுக்கு வேலை அதிகமாவதே அபூர்வம். அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் மூத்தாளுக்கு எதைச் செய்தாலும் மூச்சு வாங்கும். அதனால் மூன்றே நாளில் வெளிவந்துவிட்டது.

திருத்திய பேட்ச் சனிக்கிழமை மதியம் வந்தது. கூடவே கறாரின் வரியும்: "மூன்று காலை பார். இந்த முறை இருவர் சரி சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள், மணியைக் கவனித்தவர்."

"யாருங்க அது?" என்றேன்.

"நீதான்" என்றார்.

இருபது வருடம் ஆண்டவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த விஷயத்தில் இப்போது பதினோரு பம்பு நிலையம் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை நிறுத்தி நிதானமாக உட்கார்ந்தேன், அவருக்காகக் கேட்டு முடித்தேன், குளுக். கச்சிதம். அன்று மாலை பார்த்துக் கொழுந்தனார் வந்து சேர்ந்தார். வழக்கமான மூத்தாள் விசாரிப்பு இல்லை. முகம் வாடியிருந்தது.

"அண்ணி, கடையில ஈ ஓட்டுறேன். எனக்காகக் கொஞ்சம் கூடுதலா வேண்டிக்குங்களேன்."

"என்ன தம்பி வேண்டணும்?"

"துறையில பதினொரு புதுப் பெட்டிக்கு ஆர்டர் கிடைக்கணும்னு."

நான் கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"தம்பி, உங்க பங்கு ரெண்டு நிமிஷம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அதுல ஒரு நொடி கூட்ட முடியாது. இப்போ அது உலக அளவு."

"என்னது?"

உள்ளேயிருந்து வந்த என் வீட்டுக்காரர் மெயில்களைக் காட்டினார். கொழுந்தனார் ஒவ்வொன்றாகப் படித்தார். முகத்தில் வாட்டம் போய் வேறு என்னவோ வந்தது. "அரைக் கொழுந்தனாரா" என்று முணுமுணுத்தார். "இந்த ஆள் எந்த நாட்டுக்காரர் அண்ணே?" அதைத் தமக்கு அனுப்பச் சொல்லி, அச்சடித்துக் கடையில் மாட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டவரை விட்டுவிட முடியுமா? மறுநாள் வரிசையை அளவோடு முடித்து, குழாய் வந்த பிறகு, குடம் நிரம்புகிற நேரத்தில் அவருக்காகத் தனியாகக் கேட்டேன். பெட்டி ஆர்டர் என்று சொல்லவில்லை. தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எப்படி என்பது அங்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமையும் கச்சிதமாக முடிந்தது. இவர் 'சரி' என்று எழுதினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி" என்று சொன்னேன். அதையும் எழுதி அனுப்பினார்.

சாயங்காலம் பதில் வந்தது. எதற்கும் அவசரப்படாத மனிதர், ஒற்றைச் செருப்போடு வாசலிலிருந்து ஓடி வந்து மெயிலைத் திறந்தார். இரண்டு வரி. "பதினேழு வெளியிடப்பட்டது. பழைய ரகம் தொடரும். மற்றவை மறைப்பதை அது காட்டிக்கொடுக்கிறது." கீழே பேட்சின் குறிப்பில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில், 'சோதனையாளரின் மனைவி, காலைப் பிரார்த்தனையில்' என்று போட்டிருந்தது.

இவர் அதை மூன்று முறை வாசித்தார். பிறகு கடைக்குப் போனார். அரைக்கிலோதான் வாங்கி வருவார் என்று நினைத்தேன். ஒரு கிலோ வாங்கி வந்தார். வரும் வழியில் வேன் டிரைவரைப் பார்த்துப் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொல்லி, அவனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாராம். சுவர்க் கடிகார முள்ளையும் முக்காலி போட்டு முன்னால் தள்ளிவைத்தார். எண்ணெய் போட்ட பெரிய சாவி மறுபடியும் பரணுக்குப் போயிற்று. முழங்கால் பட்டை மட்டும் எப்படியோ அவர் கண்ணில் பட்டு, இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்.

நான் ஒரு இனிப்பை மூத்தாளின் தலைமேல் வைத்துவிட்டு, "என்னங்க" என்றேன்.

"ம்."

"இன்னொருத்தர் பார்த்துச் சரின்னு சொல்லணும்னுதானே தாழ்ப்பாள் நிக்குது? எனக்கு இப்போ அந்தத் தகுதி வந்தாச்சு. கறாரே ஒத்துக்கிட்டார்."

மறுக்க அவருக்கு ஒரு வழியும் இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனார். நாலு மாத வேலை ஏழு நிமிடத்தில் முடிந்தது. சரியாகச் சொன்னால் மூன்றரைக் கொழுந்தனார். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். திறந்து பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று.

"சரி" என்று சொல்லிவிட்டு, ஆணியிலிருந்து கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

"அதைத் தொடாதே" என்றார். "மூணு நாள் பார்ப்போம்."